லூசி பெல்நாப் எழுதிய நாற்பத்தொரு கடிதங்கள்

பியற்றிஸ் அக்காவை நான் முதலில் சந்தித்தது தென் லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியின் நிலவறையில். 1986ஆம் ஆண்டு. நோயாளிகளின் கோப்புகள் அங்கேதான் இருந்தன. உயிரோடு இருப்பவர்களின் கோப்புகள் வாசலுக்கு அருகே, இறந்தவர்களுடையவை பொயிலர் அறைப் பக்கம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்.

“ராஜி, பேரை நம்பாதையும். ஒரே பேரிலை நாலு பேர் இருப்பினம். பிறந்த திகதியைப் பாரும்.”

அவருக்கு அப்போது ஐம்பது வயது. கலியாணம் செய்யவில்லை. கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவர். 1983 ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தை வீடு எரிந்துபோக, அடுத்த ஆண்டு, கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் இருந்த அண்ணன் செல்வரத்தினத்தின் உதவியோடு லண்டன் வந்து சேர்ந்தார். ஸ்ட்ரெதத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறைகளில் தனியாக இருந்தார். உயரமான, ஒல்லியான பெண். கண்கள் சாம்பல் நிறம். எங்கள் ஆட்களில் அப்படிக் கண்களை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை, அவருடைய அண்ணனைத் தவிர.

பெயர் கண்ணைவிட விசித்திரம். பியற்றிஸ் பெல்நாப். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றில் இப்படி அமெரிக்கப் பெயர்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த மிஷனரிகள் விட்டுப்போனவை. ஆனால் பெல்நாப் குடும்பம் தன் பெயருக்கு வேறு கதை வைத்திருந்தது. லூசி பெல்நாப் என்றொரு அமெரிக்கப் பெண் கப்பலேறி வந்து, மானிப்பாயில் மிஷன் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்த ஒரு தமிழரைக் கலியாணம் செய்து, தன் பெயரையே குடும்பத்துக்கு விட்டுப்போனாராம். பியற்றிஸ் அக்காவுக்கு நாலு தலைமுறைக்கு முந்தியவர். செல்வரத்தினம் அண்ணை இதைச் சொல்லாமல் ஒரு விருந்திலிருந்தும் எழும்பியதில்லை. “எங்கட கண்ணைப் பாருங்கோ” என்று கண்ணாடியைக் கழற்றிக் காட்டுவார்.

1988 மார்ச்சில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரம் பியற்றிஸ் அக்கா ஒரு கடிதத்தை என் முன்னால் வைத்தார். அமெரிக்காவில், வெர்மொன்ட் மாநிலத்து மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்தது. எழுதியவர் ஹாரியெற் பெல்நாப். வயது எண்பத்து மூன்று. ஊர்ப் பதிவாளராக இருந்து ஓய்வுபெற்றவர். தன் குடும்ப வரலாற்றைத் தேடிக்கொண்டிருந்தார். லண்டன் தொலைபேசிப் புத்தகத்தில் இருந்த பெல்நாப்கள் ஆறு பேருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பியிருந்தார். தான் எழுதுவது ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு என்பது அவருக்குத் தெரியாது.

கடிதத்தின் சாரம் இது. அவருடைய ஊர் மயானத்தில் ஒரு சிறு கல் இருக்கிறது. லூசி பெல்நாப், செங்காய்ச்சலில் இறந்தாள், 4 மார்ச் 1831, வயது ஒன்பது. அவருடைய வீட்டுப் பரணில் ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள் நாற்பத்தொரு கடிதங்கள். எல்லாம் தாய்க்கு எழுதியவை. எல்லாவற்றிலும் கையொப்பம், ‘உங்கள் அன்பு மகள் லூசி’. முதலாவது 1834இல் எழுதியது. கடைசி 1862இல். எல்லாம் இலங்கையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவை.

“கல் பொய் சொல்லுதா, கடிதம் பொய் சொல்லுதா எண்டு கேக்கிறா” என்றார் பியற்றிஸ் அக்கா. “நான் சாகமுந்தி எனக்குத் தெரியவேணும் எண்டு எழுதியிருக்கிறா.”

அவர் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அன்றே பதில் எழுதினார். ஹாரியெற் அந்தப் பதிலில் எவ்வளவு ஆடிப்போனார் என்பது, அடுத்து வந்த தடித்த உறையில் தெரிந்தது. நாற்பத்தொரு கடிதங்களின் போட்டோகொப்பிகளும் அதில் இருந்தன. கூடவே ஓர் அட்டவணை. இடப்பக்கம் குடும்பத்தில் நடந்தவை, வலப்பக்கம் நாட்டில் நடந்தவை. 1831 லூசி மரணம். 1834 தம்பி ஹென்றி பிறப்பு. 1837 வங்கிகள் முறிவு. 1861 உள்நாட்டுப் போர். 1862 ஹென்றி மரணம். ஹாரியெற்றின் தாத்தாதான் அந்த ஹென்றி. பியற்றிஸ் அக்கா அட்டவணையில் மூன்றாவது நிரல் ஒன்று வரைந்து யாழ்ப்பாணத்தை எழுதத் தொடங்கினார். 1837இல் அமெரிக்க வங்கிகள் விழ, யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிகள் மூடப்பட்டன. நாற்பதுகளில் கொலரா. எழுதி எழுதி அடியில் 1981, நூலகம் எரிந்தது என்றும், 1983 என்றும் எழுதினார். பிறகு பேனையை மூடிவிட்டார்.

கடிதங்களை நாங்கள் மதிய நேரங்களில், பொயிலர் அறைக்குப் பக்கத்து மேசையில் வாசித்தோம். ஆரம்பத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் ஆங்கிலம். அனுப்பிய கம்பளிச் சட்டை கிடைத்தது அம்மா. அது லூசியின் சட்டை என்றீர்கள், எனக்கு அளவாக இருக்கிறது. போகப் போக எழுத்து உறுதியானது. ஆனால் எழுதியதுதான் ஒரு மாதிரியாக இருந்தது. சமையலறைக்கு மேலிருக்கும் அறையைப் பற்றி. சாப்பாட்டு மேசையின் கீறலைப் பற்றி. ஆப்பிள் மரத்தடியில் புதைத்த நாயைப் பற்றி.

“தாய் தன்ரை கடிதங்களிலை எழுதியிருப்பா” என்றேன்.

“ஓம். அப்பிடித்தான் இருக்கும்” என்றார்.

1841ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் ஒரு வரி வந்தது. ‘ஐந்தாம் படிக்குக் கீழே நான் போட்ட நீலப் பொத்தான் இன்னும் அங்கேதான் இருக்கும், அம்மா.’ பியற்றிஸ் அக்கா அதை ஹாரியெற்றுக்கு எழுதிக் கேட்டார். ஹாரியெற் இன்னும் அதே வீட்டில்தான் இருந்தார். அவர் தச்சர் ஒருவரை வரவழைத்து ஐந்தாம் படியின் பலகையைக் கழற்ற வைத்தார். எலிப் புழுக்கைக்கு நடுவில் ஒரு நீலக் கண்ணாடிப் பொத்தான் கிடந்தது.

‘தாய்க்கு முன்பே தெரிந்திருந்தால் அப்போதே எடுத்துவைத்திருப்பாள்’ என்று எழுதினார் ஹாரியெற். ‘இறந்துபோன பிள்ளையின் பொத்தானை எந்தத் தாயும் படிக்குள் விட்டுவைக்கமாட்டாள். கடிதம் வந்த பிறகு பலகையைக் கழற்றிப் பார்க்கத்தான் அவளுக்குத் துணிவு வரவில்லை போலும்.’

அந்தக் கடிதத்தை வாசித்த பிறகு நான் சில நாட்கள் பொயிலர் அறைப் பக்கம் தனியாகப் போகவில்லை. பியற்றிஸ் அக்கா போனார். அவருக்குப் பயமில்லை என்று நினைத்தேன். பல வருடங்களுக்குப் பிறகுதான் சொன்னார், அந்தக் கிழமைகளில் பேக்கரிப் படியேறும்போது ஐந்தாவது படியை மிதிக்காமல் தாண்டிப் போனாராம்.

1989இல் அவர் சனிக்கிழமைகளை நூலகங்களில் கழித்தார். பிளாக்பிரையர்ஸ் வீதியில் இந்திய அலுவலகப் பதிவுகள், மியூசியத்தின் வட்ட வாசிப்பறை. மிஷனின் பழைய சஞ்சிகைகளை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அங்கேதான் முதல் விடை கிடைத்தது.

அமெரிக்காவில் உள்ள ஒருவர் ஆண்டுதோறும் ஒரு தொகை அனுப்பினால், யாழ்ப்பாண விடுதிப் பள்ளியில் ஒரு பிள்ளை படிக்கலாம். அனுப்புபவர் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்கு வைக்கலாம். வெர்மொன்ட் தாய் தன் இறந்த மகளின் பெயரை வைத்தார். ஆக, லூசி பெல்நாப் கப்பலேறி வரவில்லை. வந்தது பெயர் மட்டுந்தான்.

அது ஒரு விடை. ஆனால் பியற்றிஸ் அக்கா பெயரை நம்புகிற ஆள் அல்ல. பள்ளி அறிக்கைகளை வரிசையாக வைத்துத் திகதிகளைப் பார்த்தார். 1836 ஏப்ரல், லூசி பெல்நாப், காய்ச்சலில் மரணம். அதே ஆண்டு ஜூன் பட்டியலில் லூசி பெல்நாப், வயது ஏழு. 1845 நவம்பர், லூசி பெல்நாப், கொலராவில் மரணம். 1846 மார்ச், லூசி பெல்நாப், வயது எட்டு. அதே ஆண்டு ஓகஸ்ட், லூசி பெல்நாப், கொலரா.

திங்கட்கிழமை வந்து இந்தக் குறிப்புகளை என் முன்னால் விரித்தார். பக்கத்தில் போட்டோகொப்பிகள்.

“மூண்டு பிள்ளையள், ராஜி. ஒண்டு சாக, மற்றதுக்கு அந்தப் பேர். இப்ப இந்தக் கையெழுத்தைப் பாரும்.”

பார்த்தேன். 1836 மே மாதக் கடிதம், முதல் பிள்ளை இறந்து மூன்று கிழமைக்குள் எழுதியது. ‘நான் சுகமாக இருக்கிறேன், அம்மா.’ 1845 டிசம்பர்க் கடிதம். ‘நான் சுகமாக இருக்கிறேன், அம்மா.’ 1846 செப்டம்பர். அதே வரி. மூன்றிலும் ஒரே கை. கையொப்பத்தில் ஆங்கில எல் எழுத்தின் வால் ஒரே மாதிரி வலப்பக்கம் சுருண்டிருந்தது. 1834 முதல் 1862 வரை நாற்பத்தொரு கடிதங்களிலும் அதே கை வளர்ந்து முதிர்ந்திருந்தது.

“பிள்ளையள் செத்துச் செத்துப் போயிருக்குதுகள்” என்றார். “எழுதினவ சாகேல்லை.”

நான் போட்டோகொப்பிகளை மடித்து உறைக்குள் வைத்தேன்.

ஹாரியெற்றுக்கு இதை எழுதினார். பதிலில் ஹாரியெற், தாயின் வேதாகமத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்த ஒரு குறிப்பைப் பிரதிசெய்து அனுப்பினார். அதுவரை அதற்கு அர்த்தம் தெரியாதிருந்ததாம். ‘அவள் இறந்தால் எனக்குச் சொல்லவேண்டாம் என்று அவர்களுக்கு எழுதிவிட்டேன். பெயரை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கட்டும். எனக்குக் கடிதம் மட்டும் வரட்டும்.’

கடிதங்களை எழுதியது யார் என்ற கேள்விக்கு விடை யாழ்ப்பாணத்திலிருந்துதான் வரவேண்டியிருந்தது. அங்கே பியற்றிஸ் அக்காவின் தம்பி யாக்கோப்பு இருந்தார். குடும்பத்தில் கடைசிப் பிள்ளை, ஆசிரியர், மனைவியை இழந்தவர். சஞ்சிகை ஒன்றில் ஒரு வரி கிடைத்திருந்தது. 1839இல் பள்ளியைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர், சமையல்கட்டில் வேலை செய்யும் கால் ஊனமான ஒரு பிள்ளை யாருடைய ஆதரவும் இல்லாமல் எழுதப் பழகி, மற்றப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறாள் என்று வியந்திருந்தார். பெயர் இல்லை. பியற்றிஸ் அக்கா தம்பிக்கு எழுதினார். ஊர்ச் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் 1846, 47ஐப் பார்க்கச் சொன்னார்.

1990 ஜூனில் அங்கே மறுபடி சண்டை தொடங்கியது. மின்சாரம் நின்றது. தபால் கப்பலில் வந்தது, வராமலும் போனது. யாக்கோப்பின் பதில் கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. கொப்பித் தாளில், பதிவேட்டில் இருந்தபடியே எழுதியிருந்தார்.

‘ஜனவரி 1847. லூசி பெல்நாப். முன்பு சின்னாச்சி. பெரியவள். சமையல்கட்டில் வேலை. தாய் தகப்பன் தெரியாது. தன் வேண்டுகோளின்படி இப்பெயர் இடப்பட்டது.’

கீழே இன்னும் ஒரு வரி. அதே ஏட்டில், முதலில் இறந்த லூசியின் சொந்தப் பெயர் முத்துப்பிள்ளை என்று இருந்ததாம். மற்ற இருவரின் பெயரும் இல்லை.

பியற்றிஸ் அக்கா அடுத்த ஞாயிறு குட்மேய்ஸுக்குப் போனார். என்னையும் கூட்டிப் போனார். செல்வரத்தினம் அண்ணை வரவேற்பறையில் அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்தார். சைவக் குடும்பத்தில் பிறந்த அவர் மனைவி பாலாம்பிகை தட்டில் பலகாரத்தோடு வாசலிலேயே நின்றார்.

“அப்ப அமெரிக்கக்காரி இல்லையோ?”

“இல்லை அண்ணை.”

“சமையல்கட்டிலை நிண்ட பிள்ளை. தாய் தகப்பனும் தெரியாது.”

“ஓம்.”

“அப்ப இந்தக் கண் எங்கையிருந்து வந்தது?”

பியற்றிஸ் அக்கா தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். எந்தப் பதிவேட்டிலும் அதற்கு விடை கிடைக்கவில்லை, கடைசி வரைக்கும்.

“என்ரை மகளுக்குச் சம்பந்தம் பேசுற நேரம்” என்றார் செல்வரத்தினம். “சிவகௌரியின்ரை வாழ்க்கை. இதை ஒருத்தருக்கும் சொல்லாதை, பியற்றிஸ். சொன்னியெண்டால் இந்த வீட்டு வாசல் மிதிக்காதை.”

பலகாரம் அப்படியே இருந்தது. ரயிலில் வரும்போது பியற்றிஸ் அக்கா ஒன்று மட்டும் சொன்னார். “அந்தப் பிள்ளை பேரைக் கேட்டு வாங்கியிருக்கிறா, ராஜி. மூண்டு பேர் செத்த பேரை. அந்தத் தாய்க்குக் கடிதம் நிண்டுபோகக்கூடாது எண்டுதான் வாங்கியிருக்கவேணும்.”

இங்கே கடைசிக் கடிதத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். 1862 ஓகஸ்ட் மாதம் எழுதியது. சின்னாச்சிக்கு அப்போது நாற்பது வயதளவில் இருக்கும்; கலியாணமாகிப் பிள்ளைகளும் இருந்தார்கள். மூன்றே வரி. ‘அம்மா, ஹென்றியைப் போகவிடாதீர்கள். அவன் தண்ணீருக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறான். மேற்சட்டை இல்லை.’ பின்பக்கத்தில் தாயின் எழுத்து: ‘ஜனவரி 11இல் கிடைத்தது. ஹென்றி செப்டம்பர் 17இல் கொல்லப்பட்டான்.’ மேரிலாண்டில் ஓர் ஓடைக்கரையில் நடந்த போர் அது. கடிதம் எழுதியபோது போர் நடந்திருக்கவில்லை. கடல் தாண்டி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதன் பிறகு கடிதங்கள் இல்லை. தாய் அந்த வசந்தத்தில் இறந்தார்.

1991 கோடையில் ஹாரியெற் முதியோர் இல்லம் ஒன்றுக்குப் போனார். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் ஒரு மாற்றம். முதலில் ‘அன்புள்ள பியற்றிஸ்’ என்று தொடங்கி நடுவில் ‘லூசி’ என்று வரும். பிறகு ‘அன்புள்ள லூசி’ என்றே தொடங்கின. சளி சுகமா, காலுறை போடுகிறாயா, ஆப்பிள்கள் இந்த வருடம் சின்னவை. கடைசியில் ‘அம்மா’ என்று கையொப்பம்.

“அவவுக்கு மறதி வந்திட்டுது” என்றேன். “நீங்கள் இனி எழுதாதையுங்கோ அக்கா.”

“எழுதாமல்?”

“திருத்தியாவது எழுதுங்கோ.”

அவர் திருத்தவில்லை. பதில் எழுதியதை எனக்குக் காட்டினார். ‘அம்மா, நான் சுகமாக இருக்கிறேன். காலுறை போடுகிறேன்.’ கையொப்பம், லூசி. எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குக் கீழே பயமும் இருந்தது. அந்த எல் எழுத்தின் வால் வலப்பக்கம் சுருண்டிருந்தது. அவருடைய வழக்கமான எழுத்து அப்படியல்ல. அந்த வழக்கமான எழுத்தை நான் ஐந்து வருடம் கோப்புகளில் பார்த்திருக்கிறேன். நான் சுட்டிக்காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், தாளைத் திருப்பிப் பார்த்தார்.

“எனக்குத் தெரியேல்லை” என்றார். “கை அப்பிடிப் போகுது.”

ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே கடிதங்கள் போய் வந்தன.

1992 நவம்பரில் யாக்கோப்பிடமிருந்து செய்தி வந்தது. யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறத் தீர்மானித்திருந்தார். அப்போது தரைப் பாதை இல்லை. கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்துதான் சனம் வந்துகொண்டிருந்தது. கிறிஸ்மஸ் ஆராதனை முடிந்ததும், புதுவருடத்தையொட்டி வருவேன் என்று எழுதியிருந்தார். இது பியற்றிஸ் அக்காவுக்கும் செல்வரத்தினத்துக்கும் மட்டுந்தான் தெரியும். எனக்குக்கூட அவர் சொல்லியிருக்கவில்லை.

டிசம்பர் நடுவில் வெர்மொன்ட் கடிதம் வந்தது. வேலைக்குக் கொண்டுவந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் என்னிடம் நீட்டினார். நான்கு வரி. ‘அன்புள்ள லூசி, பனி ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. உன் தம்பியைத் தண்ணீர் வழியாகப் போகவிடாதே. மாதம் மாறி நிலவு வளரும்வரை இருக்கச் சொல். அம்மா.’

“பழைய கடிதம்” என்றேன். “ஹென்றியைப் பற்றினது. அவவின்ரை மண்டைக்குள்ளை அது சுத்திக்கொண்டிருக்குது.”

“நானும் அப்பிடித்தான் நினைச்சன். ஆனால் ஹென்றிக் கடிதத்திலை மாதம் மாறுறதைப் பற்றி ஒண்டும் இல்லை.” அப்போதுதான் யாக்கோப்பின் பயணத்தைப் பற்றிச் சொன்னார்.

“நீங்கள் அவவுக்கு எழுதினனீங்களோ, தம்பி வாறார் எண்டு?”

“இல்லை. எனக்குத் தம்பி ஒருத்தன் இருக்கிறான் எண்டு தொடக்கத்திலை எழுதினனான். அவ்வளவுதான்.”

அந்த ஞாயிறு, ஏறத்தாழ இரண்டு வருடத்துக்குப் பிறகு, அவர் அண்ணன் வீட்டு வாசலை மிதித்தார். இதை எனக்குப் பாலாம்பிகை அக்கா சொன்னார். பியற்றிஸ் கடிதத்தை மேசையில் வைத்தாராம். செல்வரத்தினம் வாசித்துவிட்டுக் கத்தினாராம். பைத்தியக்கார மனிசியின்ரை கடிதத்துக்காக அவனை அந்த நரகத்துக்குள்ளை இன்னும் வைச்சிருக்கச் சொல்லுறியோ, நாளைக்கு அங்கை குண்டு விழுந்தால் ஆர் பொறுப்பு? பியற்றிஸ் கடிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டு எழும்பாமல் இருந்தாராம். அரை மணி நேரம் கழித்துச் செல்வரத்தினம்தான் எழும்பித் தொலைபேசியைச் சுழற்றினார். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ். யாழ்ப்பாணம் போகவிருந்த ஊர்க்காரர் ஒருவர் அங்கே தங்கியிருந்தார்.

“யாக்கோப்புக்குச் சொல்லுங்கோ” என்றாராம். “வரவேண்டாமாம். தை பாதி போகட்டுமாம். ஏனெண்டு கேக்கவேண்டாமெண்டு அண்ணை சொன்னதாச் சொல்லுங்கோ.”

ஜனவரி இரண்டாம் தேதி கிளாலியில் படகுகள் தாக்கப்பட்டன. பயணிகள் பலர் இறந்தார்கள். செய்தி லண்டனுக்கு வந்தபோது, நாங்கள் கோப்பு அடுக்கிக்கொண்டிருந்தோம். கன்ரீனில் வேலை செய்த கஸ்பர் என்ற மன்னார்ப் பொடியன் ஓடிவந்து சொன்னான். பியற்றிஸ் அக்கா கையிலிருந்த கோப்பை உரிய இடத்தில் வைத்தார். பிறகு தரையில் உட்கார்ந்தார்.

ஒன்பது நாட்கள் ஒரு தகவலும் இல்லை. அவர் வேலைக்கு வந்தார், திகதிகளைச் சரிபார்த்தார், ஒரு பிழையும் விடவில்லை. பத்தாம் நாள் செல்வரத்தினம் ஆஸ்பத்திரிக்கே போன் எடுத்தார். ஊர்க்காரர் டிசம்பர் முப்பத்தோராம் தேதிதான் யாக்கோப்பைக் கண்டு சொல்லியிருக்கிறார். யாக்கோப்பு கட்டிய பையை அவிழ்த்துவிட்டு, கோபத்தோடு வீட்டில் இருந்திருக்கிறார். தாக்கப்பட்ட படகுகளில் ஒன்றில்தான் அவர் ஏறியிருப்பாரா, அடுத்த நாள் ஏறியிருப்பாரா, யாருக்கும் தெரியாது. பெப்ரவரியில் அதே நீரேரியைக் கடந்து கொழும்பு வந்தார்.

அந்த மாதத்தில்தான் முதியோர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. ஹாரியெற் பெல்நாப் 1992 நவம்பர் 29இல் காலமானார். ஒக்டோபரில் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அலுமாரியில், லூசி என்று கையொப்பமிட்ட உங்கள் கடிதங்கள் கிடைத்தன, நீங்கள் உறவினரா என்று கேட்டிருந்தார்கள்.

பியற்றிஸ் அக்கா டிசம்பர்க் கடிதத்தின் உறையை எடுத்து வந்தார். அஞ்சல் முத்திரை தெளிவாக இருந்தது. டிசம்பர் 8. நானே பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கடிதத்தின் எழுத்து ஹாரியெற்றின் எழுத்துத்தான், நடுக்கம் இல்லாமல்.

“ஆரோ அங்கை வேலை செய்யிற ஆள் எழுதியிருக்கும்” என்றேன்.

“ஓம்” என்றார். “அங்கையும் ஒரு சின்னாச்சி இருந்திருக்கலாம்.”

இரண்டு தடவை இல்லத்துக்கு எழுதிக் கேட்டார். அங்கே யாரும் எழுதவில்லை என்றார்கள். மரணத்தின் பின் அவருடைய பெயரில் கடிதம் எதுவும் அனுப்பவில்லை என்றார்கள். உறவினரா என்ற கேள்விக்கு மட்டும் அவர் பதில் எழுதினார். ஆம், உறவு.

யாக்கோப்பு 1994இல் லண்டன் வந்து, நகரின் வடக்கே எட்மண்டனில் குடியேறினார். சிவகௌரிக்குக் கலியாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் கண்ணைப் பற்றியும் கேட்கவில்லை, பூட்டி லூசியைப் பற்றியும் கேட்கவில்லை. செல்வரத்தினம் விருந்துகளில் அந்தக் கதையைச் சொல்வதை எப்போது விட்டார் என்று யாரும் கவனிக்கவில்லை.

1996இல் பியற்றிஸ் அக்கா ஓய்வுபெற்றார். அந்த நவம்பரில், ஆங்கிலச் சபையொன்றிடம் இரவல் வாங்கிய கோயிலில் மாதமொருமுறை நடக்கும் தமிழ் ஆராதனைக்கு என்னை வரச்சொன்னார். அன்று இறந்தவர்களை நினைவுகூரும் நாள். குடும்பங்கள் பெயர்களைத் துண்டில் எழுதிக் கொடுத்தால் போதகர் வாசிப்பார். நான் சைவம், பின் வரிசையில் இருந்தேன். எனக்கு முன்னால் பியற்றிஸ் அக்காவும் செல்வரத்தினமும் யாக்கோப்பும் இருந்தார்கள்.

போதகர் ஒவ்வொரு துண்டாக எடுத்தார். ஒரு துண்டுக்கு வந்ததும் கொஞ்சம் தயங்கினார். பிறகு வாசித்தார்.

“லூசி. முத்துப்பிள்ளை. பெயர் தெரியாத பிள்ளை. பெயர் தெரியாத பிள்ளை. சின்னாச்சி. ஹென்றி. ஹாரியெற்.”

மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. நான் செல்வரத்தினத்தின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்தபின் தேநீர் கொடுத்தார்கள். இம்மாகுலேற் என்ற பெண், வேறு சபையிலிருந்து வந்தவர், செல்வரத்தினத்திடம் கேட்டார்.

“அண்ணை, அந்தப் பேரில்லாத பிள்ளையள் ஆர்? உங்கட பக்கத்திலை இருந்துதானே துண்டு போனது?”

பியற்றிஸ் அக்கா கோப்பையோடு அப்படியே நின்றார்.

“எங்கட ஆக்கள்” என்றார் செல்வரத்தினம். பிறகு சீனி போதாது என்று சொல்லித் தேநீரை மேசைக்குத் திருப்பிக் கொண்டுபோனார்.